ஸ்காபரோ பின்வளவில் முதல் வசந்தம்: எதை, எங்கே, எப்போது போடுவது?

சாடிக்காரி எழுதியது:

வணக்கம். பதினொரு வருடம் அப்பார்ட்மென்ட் பால்கனியில் இரண்டு சாடி மிளகாயோடு காலம் தள்ளிவிட்டு, போன யூன் தொடக்கத்தில்தான் ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். பின்வளவு 25 அடி அகலம், 40 அடி நீளம். தெற்குப் பார்த்தது. பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயில். அதுவரை பக்கத்து வீட்டுப் பெரிய மரம் மறைக்கும்.

வந்த கையோடு பத்துத் தக்காளிக் கன்றும் ஆறு கத்தரியும் வாங்கிக் கிழக்கு வேலியோரம் நட்டேன். மூன்று நான்கு கிழமை ஜம்மென்று நின்றன. பூவும் வந்தது. பிறகு ஒரு மத்தியானம் பார்த்தால் இரண்டு தக்காளி தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. தண்ணீர் விட்டேன். மறுநாள் நான்கு. மாமி "தண்ணி காணாது" என்றார், இவர் "தண்ணி கூடிப்போச்சு" என்றார். ஓகஸ்ட் நடுவில் வேலியோரம் விறகு நட்டுவைத்த மாதிரி இருந்தது. ஒரு காய் கைக்கு வரவில்லை. களிமண்தான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, இந்த வசந்தத்தில் பத்து மூட்டை மாட்டெரு வாங்கிக் கொட்டுவதாக இருக்கிறேன்.

ஆசைக்குக் குறைவில்லை. தக்காளி, கத்தரி, பச்சைமிளகாய், பாகல், புடலை, பயற்றங்காய், கொத்தமல்லி, வெந்தயக்கீரை, புதினா. பிள்ளைகளுக்கு ஸ்ரோபெரியும் ஒரு அப்பிள் மரமும் வேண்டுமாம். இவருக்கு புளூபெரி. இப்போது மார்ச் இரண்டாம் கிழமை. வெளியில் இன்னும் பனி கிடக்கிறது. எதை எப்போது தொடங்க வேண்டும்? நாற்றுக்கு பேஸ்மென்ட் ஜன்னல் வெளிச்சம் போதுமா?

அப்புறம் அணில் தொல்லைக்கு ஒரு வழி சொல்லுங்கள். இலையுதிர் காலம் முழுக்கப் பச்சைப் பந்து மாதிரி ஒரு காயைக் கொண்டுவந்து என் பாத்தியில் புதைத்துக்கொண்டே இருந்தன. அதைப் பொறுக்கிப் பிய்த்து விளையாடிய மகனின் விரல்கள் ஒரு கிழமை கறுத்துப்போய்க் கிடந்தன. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

பந்தல் அக்கா எழுதியது:

தங்கச்சி, பேஸ்மென்ட் ஜன்னல் போதாது. நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். சாதாரண எல்இடி குழாய்விளக்கு ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்றின் தலைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நிற்கிற மாதிரி வையுங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியட்டும். செடி உயர உயர விளக்கையும் உயர்த்துங்கள்.

மிளகாயும் கத்தரியும் இந்தக் கிழமையே போட வேண்டும். அவை சோம்பேறிகள், எட்டுப் பத்துக் கிழமை வேண்டும். தக்காளிக்கு அவசரமில்லை, மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் முதல் கிழமை. பாகல், புடலை விதையை ஏப்ரல் கடைசியில் ஒரு இரவு ஊறவைத்து, ஆளுக்கொரு தனிக் கோப்பையில் போடுங்கள். வேரைக் கலைத்தால் கோபித்துக்கொள்ளும். இவை எதையும் விக்ரோரியா தினத்துக்கு முன் வெளியில் நடாதீர்கள். (மே 25க்கு முந்திய திங்கள்.) ஏப்ரலில் நான்கு நாள் நல்ல வெயில் அடிக்கும், சனம் எல்லாம் கன்று வாங்க ஓடும். நானும் ஒருமுறை ஓடினேன். மே பத்தாம் தேதி விடியப் பார்த்தால் பன்னிரண்டு தக்காளியும் உறைபனி பட்டு வெந்த கீரை மாதிரி கிடந்தன. நடுவதற்கு முன் ஒரு கிழமை, நாற்றை முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று வெளியில் வைத்துப் பழக்கவும் வேண்டும்.

கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி எல்லாம் குளிரைத் தாங்கும். ஏப்ரல் நடுவில் மண் கையில் உதிர்ந்தால் நேரே தூவுங்கள். கோடை பிறந்தால் கொத்தமல்லி உடனே பூத்துவிடும். பயற்றங்காய் யூனில் நேரே மண்ணில். புதினாவை மட்டும் நிலத்தில் வைக்காதீர்கள், பிறகு வளவு முழுக்கப் புதினாதான்.

நீர்வேலியான் எழுதியது:

அக்கா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் பிள்ளை, எரு வாங்குவதற்கு முன் எனக்கு ஒன்று சொல்லுங்கள். பச்சைப் பந்து, பிய்த்தால் கையில் கறுப்புச் சாயம், போகாது. அந்தப் பெரிய மரத்தின் இலை ஒரு நீளக் காம்பின் இரண்டு பக்கமும் வரிசையாக, கிட்டத்தட்ட நம் வேப்பங்கொத்தைப் பெரிதாக்கின மாதிரியா? பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கிறதா? அப்படியென்றால் அது பிளாக் வால்நட். தெற்கு ஒன்ராறியோவின் சொந்த மரம். வேரிலும் இலையிலும் காய்த் தோலிலும் ஜுக்லோன் என்ற நஞ்சு வைத்திருக்கும். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு குடும்பத்துக்கு அது ஆகவே ஆகாது. நன்றாக நின்ற செடி, பூக்கிற நேரத்தில், ஈரம் இருக்கும்போதே வாடிச் சாகும். நீங்கள் எழுதியிருப்பது அதேதான்.

இங்கு வந்த புதிதில் எனக்கும் இதே கதை. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்ற திமிரோடு நட்டு, இரண்டு வருடம் மண்ணைத் திட்டினேன். மூன்றாம் வருடம் கிழக்கத்திய நாட்டுக் கிழவர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் மரத்தை விரலால் காட்டிவிட்டுப் போனார்.

சாடிக்காரி எழுதியது:

ஐயா, இப்போதுதான் சப்பாத்து மாட்டிக்கொண்டு பனியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இலை இல்லை. ஆனால் வேலியோரம் காலால் தட்டியதும் கறுப்பாகச் சுருங்கின காய் ஏழு வந்தது. ஒன்றை இவர் சுத்தியலால் அடித்தார். உடையவில்லை, சுத்தியல்தான் துள்ளியது. பட்டை நீங்கள் சொன்ன மாதிரியேதான். மரம் வேலியிலிருந்து பத்தடிகூட இருக்காது. அப்படியென்றால் என் வளவு முழுக்கவே போச்சா? மாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

எட்டாம் மாடி எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். என் தங்கை வீட்டில் வால்நட் மரத்துக்கு முப்பதடியில் தக்காளி காய்த்திருக்கிறது. நானே பறித்துச் சாப்பிட்டேன். மண்ணில் வரும் வாடல் நோய்ப் பூஞ்சணமும் இதே கோலத்தைக் காட்டும். இரண்டிலும் தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பாக இருக்கும். எல்லாப் பழியையும் மரத்தின் தலையில் போட வேண்டாம்.

நீர்வேலியான் எழுதியது:

எட்டாம் மாடி சொல்வதும் நியாயம்தான். வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யார் கண்டது? ஐம்பது அறுபது அடி வரை போகும் என்பார்கள், இடையில் வேர் படாத இடமும் இருக்கும். பூஞ்சணமோ மரமோ, வைத்தியம் ஒன்றுதான். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அந்த மண்ணில் வைக்காதீர்கள். ஐந்து கலன் வாளியில் அடியில் நான்கு துளை போட்டு, கடையில் விற்கிற சாடி மண் நிரப்பி, மேற்குப் பக்கம் வெயிலில் வரிசையாக வையுங்கள். வாளிக்கு ஒரு தக்காளி. வெயில் நாளில் இரண்டு நேரம் தண்ணீர் கேட்கும். வாளியைத் தரையில் நேரே வைக்காமல் கல்லுக்கு மேல் வைத்தால் வேர் துளை வழியாக இறங்காது. உங்கள் பெயரே சாடிக்காரிதானே, பிறகென்ன?

நிலம் சும்மா கிடக்கத் தேவையில்லை. வெங்காயம், கரட், பீட்ரூட், போஞ்சி, சோளம், பூசணி எல்லாம் ஜுக்லோனைத் தாங்கும். என் வளவில் பாகலும் புடலையும் ஒழுங்காகக் காய்க்கின்றன, அதனால் பந்தலை நிலத்திலேயே போடலாம். ஒக்டோபரில் உள்ளிப் பல்லும் ஊன்றிவிடுங்கள்.

அப்பிள் ஆசையை விடுங்கள். அது வால்நட்டைத் தாங்காது, காய்க்க வேறு இனத்து அப்பிளும் பக்கத்தில் வேண்டும். புளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும், உங்கள் கணவருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புளிச் செர்ரி, மொன்ட்மொரென்சி என்று கேட்டு வாங்குங்கள். தனி மரமே காய்க்கும், வால்நட்டையும் தாங்கும். கறுப்பு றாஸ்பெரி அந்த மரத்தடியிலேயே காடாக வளரும். ஸ்ரோபெரி தொங்கு சாடியில்.

அந்த மரத்து இலையைக் கூட்டி கொம்போஸ்டில் போட்டு மரக்கறிக்கு இடாதீர்கள்.

பந்தல் அக்கா எழுதியது:

புடலை வைப்பதென்றால் ஒன்று. பூ அந்தியில்தான் விரியும், வெள்ளை நூல் பிரிந்து தொங்கும். நம்மூரில் அந்துப்பூச்சி பார்த்துக்கொள்ளும், இங்கே நம்பி இருக்க முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோர்ச் பிடித்துக்கொண்டு போய், ஆண் பூவைப் பிடுங்கி, கீழே பிஞ்சு உள்ள பெண் பூவில் தடவுங்கள். பிஞ்சு விரலளவு வந்ததும் நுனியில் நூல் கட்டிச் சின்னக் கல் தொங்கவிட்டால் சுருளாமல் நேரே இறங்கும். விதை என்னிடம் இருக்கிறது, எத்தனை வேண்டும்?

சாடிக்காரி எழுதியது:

அக்கா, ஆறு விதை போதும். மாமியிடம் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னனான், அந்த மரத்தில ஏதோ இருக்கு என்று" என்கிறார். போன வருடம் தண்ணி காணாது என்றவர்தான். வாளி பதினான்கு சேர்க்க வேண்டும்; இவருடைய வேலையிடத்துச் சமையலறையில் ஊறுகாய் வந்த வாளி சும்மா கிடக்கிறதாம். உப்பு வாசம் போக எத்தனை தரம் கழுவ வேண்டும், யாருக்காவது தெரியுமா?