புதுப்பிப்பு: புது கார் எஞ்சின் ரன்-இன், 1,600 கி.மீ. முடிந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது: வேலூர்க்காரன், புது டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சின் பழகும் (ரன்-இன்) முதல் 1,000 கி.மீ. எப்படி ஓட்டுவது?

பைபாஸில் பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் வரை 80-லேயே போகலாம் என்றுதான் இருந்தேன். "ஒரே வேகம் கூடாது, குடியாத்தம் ரோட்டில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுங்க" என்று இங்கே ஒரு அண்ணன் சொன்னதே பலித்தது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படிய, எஞ்சின் மேல் சுமை ஏறி இறங்க வேண்டுமாம். எஞ்சின் சுற்றை 2,000 முதல் 4,000 ஆர்பிஎம்முக்குள் வைத்தேன், முழு ஆக்சிலரேட்டர் மிதிக்கவில்லை. பெரிய கியரில் திணறவும் விடவில்லை. மெதுவாகப் போனாலே நல்லது என்ற என் நினைப்பு தப்பு.

எதிர்பாராதது இரண்டு. முதல் நாள் பானெட்டிலிருந்து கருகல் வாடை. பயந்துபோய் காட்பாடி பாலத்திலேயே ஓரங்கட்டினேன். எக்ஸாஸ்ட் மேல்பூச்சு சூடாகி வரும் வாடைதான், மூன்று நாளில் போய்விட்டது. அடுத்தது, 900 கி.மீ.-ல் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் கால் பங்கு இறங்கியிருந்தது. அதன்பின் இறங்கவில்லை. 1,000-ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். காரோடு வந்த மானுவல் புத்தகம் அதைக் கேட்கவில்லை, என் மனத்திருப்திக்குத்தான்.

மைலேஜ் 11-லிருந்து 13.5. நேற்றுதான் ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.