டிகாஷன் இறங்கவில்லை

குடும்பக் குழு: ராயபுரம் வீடு

சனிக்கிழமை

காலை 6:12
நான் (கொளத்தூர்): அத்தை, எழுந்துவிட்டீர்களா? 5 மணிக்கு ஃபில்டரில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் தாண்டியும் கீழே அரை விரல் உயரத்துக்குக்கூட டிகாஷன் இறங்கவில்லை. நானே புதுக் கை மிஷினில் அரைத்த தூள். பாதி பீபெரி (உருண்டைக் கொட்டை), பாதி பிளாண்டேஷன் ஏ (அராபிகா தட்டைக் கொட்டை).

6:14
பெரம்பூர் அத்தை: கோலம் போட்டே ஆகிவிட்டது கண்ணு. ஃபில்டரைத் தட்டிப் பார்த்தாயா?

6:15
நான்: தட்டினேன். மூடியைத் திறந்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது. இறங்கிய கொஞ்சத்தையும் நாக்கில் வைக்க முடியவில்லை, கஷாயம் மாதிரி கசக்கிறது. கொட்டையே சரியில்லையோ? வேறு கடையில் வாங்கட்டுமா?

6:16
ராயபுரம் சித்தப்பா: பாப்பா, சிக்கரி போடவில்லைதானே? அதுதான். கடையில் 80க்கு 20 என்று கேட்டு அரைத்து வாங்கியிருந்தால் இந்நேரம் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியிருப்பாய்.

6:18
பெரம்பூர் அத்தை: தம்பி, கொஞ்சம் பொறு. கண்ணு, தூளில் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய். எப்படி இருக்கிறது?

6:19
நான்: முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது.

6:23
பெரம்பூர் அத்தை: கொட்டை மேல் குற்றமே இல்லை. மைதா பதத்துக்கு அரைத்திருக்கிறாய். தண்ணீர் பட்டதும் சேறு மாதிரி இறுகி ஓட்டையை அடைத்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் தூளும் தண்ணீரும் சேர்ந்தே ஊறினால் கசப்பு முழுக்க இறங்காமல் என்ன செய்யும்? நைஸ் ரவையைவிட ஒரு படி பொடியாக இருந்தால் போதும். தேய்த்தால் விரலுக்கு நறநற என்று தெரியணும்.

6:25
வியாசர்பாடி அண்ணி: அத்தை, நான் மிக்ஸியில்தான் அரைக்கிறேன். எனக்கு ஒரு நாள் தண்ணீராக ஓடிவிடுகிறது, ஒரு நாள் நின்றுவிடுகிறது.

6:28
பெரம்பூர் அத்தை: மிக்ஸி பிளேடு வெட்டும்மா, ஒரே அளவாக நொறுக்காது. பாதி மாவு, பாதி குருணை. மாவு அடைக்கும், குருணையில் சாரம் இறங்காது. மிக்ஸிதான் என்றால் ஓட விடாமல் விட்டு விட்டு அரை, நடுவில் ஜாரைக் குலுக்கிவிடு. சூடு ஏறினால் வாசனையும் போய்விடும். அது இருக்கட்டும், நேற்று உன் வீட்டில் இருந்த கடைத் தூள் பாக்கெட்டில் என்ன போட்டிருந்தது?

6:30
வியாசர்பாடி அண்ணி: பொடி எழுத்தில் காப்பி 53, சிக்கரி 47 என்று இருந்தது. இத்தனை நாள் படித்ததே இல்லை.

6:31
பெரம்பூர் அத்தை: 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதைத் தாண்டிய மிச்சம் நம் கண் பார்த்து வாங்குவதில்தான் இருக்கிறது.

6:36
ராயபுரம் சித்தப்பா: சிக்கரியை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் அக்கா. டிகாஷனுக்கு அந்தக் கறுப்பும் கனமும் அதில்தான் வருகிறது. துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து குடித்த நாக்கு இது. எனக்கு பிளாண்டேஷன் பாதி, ரோபஸ்டா (கசப்பும் கனமும் கூடின இன்னொரு காப்பி ரகம்) 30, சிக்கரி 20. ரோபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. பாப்பா, இன்னொன்று. என்ன தண்ணீர் ஊற்றினாய்?

6:37
நான்: போர் தண்ணீர்தான் சித்தப்பா. கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது.

6:38
ராயபுரம் சித்தப்பா: அந்த வெள்ளை படிகிற தண்ணீரை காப்பிக்கு எடுக்காதே. இங்கே கடல் பக்கத்தில் நாங்கள் பட்டது போதும். ஒரே தூள், போர் தண்ணீரில் ஒரு ருசி, கேன் தண்ணீரில் ஒரு ருசி.

6:47
பெரம்பூர் அத்தை: தண்ணீர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. ஆனால் அவன் அளவு அவன் நாக்குக்கு. நீ பீபெரி வாங்கியதில் எனக்கு சந்தோஷம். உங்கள் பாட்டி அந்த வீட்டில் இரும்புச் சட்டியில் பச்சைக் கொட்டை வறுப்பார். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே ஒன்று விளைவதுதான் பீபெரி, அதனால் உருண்டை. சட்டியைச் சாய்த்தால் சோழி மாதிரி உருளும், எல்லாப் பக்கமும் ஒரே நிறம் ஏறும். தட்டைக் கொட்டை ஒரு பக்கம் கருகும். பட் பட் என்று வெடிக்கும். வெடிச் சத்தம் அடங்கியதும் முறத்தில் கொட்டி விசிறுவார். எண்ணெய் கசிகிற அளவுக்கு வறுக்கமாட்டார். தெருமுனை வரை வாசனை.

6:49
பெரம்பூர் அத்தை: நாளைக்கு இதே கொட்டை. மிஷின் திருகை மூன்று நாலு கிளிக் தளர்த்து, தூள் கொஞ்சம் பெரிதாக விழும். கேன் தண்ணீர். குவியலாக மூன்று ஸ்பூன் தூள், லேசாகத் தட்டி சமமாக்கு, ஃபில்டருக்குள் வைக்கும் தட்டால் அழுத்தாதே. கொதித்த தண்ணீர் அரை நிமிடம் அடங்கட்டும். முதலில் தூள் நனைகிற அளவு ஊற்று, ஒரு நிமிடம் விட்டு மீதியை ஊற்று. எத்தனை கிளிக் என்று காலண்டரில் எழுதி வை.

ஞாயிற்றுக்கிழமை

காலை 6:40
நான்: அத்தை! 25 நிமிடத்தில் இறங்கிவிட்டது. முதலில் கொஞ்சம் ஊற்றியதும் தூள் குபுகுபுவென்று நுரைத்து மேலே எழும்பியது. பயந்துவிட்டேன்.

6:41
பெரம்பூர் அத்தை: வறுத்து அதிக நாள் ஆகாத கொட்டை, உள்ளே இருக்கிற காற்று வெளியேறுகிறது. நல்ல சகுனம். டம்ளரைச் சாய்த்துப் பார், ஓரத்தில் நிறம் பிடிக்கிறதா?

6:42
நான்: பிடிக்கிறது. தேன் மாதிரி மெதுவாக வழிகிறது.

6:42
ராயபுரம் சித்தப்பா: அப்படியென்றால் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டி டிகாஷன்தான். பால்?

6:50
நான்: ஆவின் பச்சை. கசப்பு சுத்தமாகப் போய்விட்டது. வாசனை அப்படியே பாட்டி வீடு. ஆனால் பால் ஊற்றியதும் கொஞ்சம் அடங்கிவிடுகிறது, கடைசியில் ஒரு சின்னப் புளிப்பு. கறுப்பாகக் குடித்தபோது அந்தப் புளிப்பு பிடித்தது, பாலில் பிடிக்கவில்லை.

6:53
பெரம்பூர் அத்தை: புளிப்பு பீபெரியுடைய குணம் இல்லை, வறுவல் இளசு. அடுத்த தடவை ஒரு படி கூடுதலாக வறுத்துக் கேள். இந்த கால் கிலோ தீரும்வரை கால் பங்கு ரோபஸ்டா கலந்து பார். கிளிக்கை மட்டும் மாற்றாதே. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

6:54
ராயபுரம் சித்தப்பா: ரோபஸ்டா என்று அக்காவே சொல்லிவிட்டார்கள். பாப்பா, மூலக்கடையில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு 11 மணிக்கு வருகிறேன். ஒரு டம்ளர் டிகாஷன் எடுத்து வை.

6:55
நான்: பழைய டிகாஷன் வேண்டாம் சித்தப்பா. பத்தரைக்குப் புதிதாக அரைத்துப் போடுகிறேன். சிக்கரி இருக்காது, பரவாயில்லையா?

6:56
ராயபுரம் சித்தப்பா: இருக்கட்டும். பாட்டி வீட்டு வாசனை என்றாயே, எங்கள் அம்மா கையால் குடித்த வாசனை, அதற்காகத்தான் வருகிறேன்.