டவுன் டியூப்பில் மயிரிழைக் கோடு: பத்த வைத்து ஓட்டலாமா?

தினப்பயணி: பழைய அலுமினிய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். நேற்று கழுவும்போது பார்த்தால், ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, டவுன் டியூப்பின் (கழுத்திலிருந்து பெடல் பக்கம் சாய்வாக இறங்கும் குழாய்) அடிப்பக்கம் குறுக்காக ஒரு கோடு. தடவினால் நகம் மாட்டுகிறது. தினமும் 20 கிலோமீட்டர் ஓட்டுபவன். ஓட்டலாமா?

பட்டறைமணி: பயப்படாதீங்க தம்பி. எங்கப்பா 40 வருஷம் ஒரே சைக்கிள்ல அரிசி மூட்டை ஏத்தினார். பார் விட்டப்போ பித்தளை வெச்சுப் பத்த வெச்சோம், அப்புறமும் ஓடுச்சு. பெயிண்ட் வெடிச்சதுக்கெல்லாம் ஃபிரேமை மாத்தணுமா?

நெடுவழி: மணி அண்ணே, அப்பா ஓட்டினது இரும்பு. இரும்புக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு, சுமை அதைத் தாண்டாதவரை எத்தனை லட்சம் முறை குலுங்கினாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அந்த எல்லையே இல்லை. சின்னக் குலுக்கலும் சேர்ந்துகொண்டே வரும். பள்ளத்தில் முன்சக்கரம் வாங்கும் அடி நேராக வந்து சேரும் இடம் அவர் சொல்லும் அதே இடம்தான். தம்பி, இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

பட்டறைமணி: அலுமினியத்தையும் ஆர்கான் வெல்டிங்ல ஒட்டலாமே. நானே ஒட்டியிருக்கேன்.

நெடுவழி: ஒட்டும், பலம் திரும்பாது. 6061 என்ற ரக அலுமினியக் குழாய்க்கு வலுவே சூட்டுப் பதத்தால் வந்தது. வெல்டிங் சூடு ஓரத்தை இளக்கிவிடும். கம்பெனியில் வெல்டிங் முடிந்தபின் முழு ஃபிரேமையும் 500 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். அந்த உலை உங்கள் பட்டறையில் இருக்கிறதா?

உப்புக்காற்று: இரும்பையும் அப்படி நம்பாதீங்க. கடலோரத்தில் துரு குழாய்க்கு உள்ளேயிருந்து அரிக்கும். என் ஃபிரேம் வெளியே பளபளன்னு இருந்தது. சீட் கம்பத்தை உருவி டார்ச் அடிச்சேன், உள்ளே செதில் செதிலா துரு.

பட்டறைமணி: உலை இல்லதான், பதம் விஷயத்தை ஒத்துக்கறேன். ஆனா கோடெல்லாம் விரிசல் ஆகாது. பார்க்காம தூக்கிப் போடச் சொல்றது தப்பு. பெயிண்டைச் சுரண்டிப் பாருங்க தம்பி.

நெடுவழி: அதில் எனக்கும் சம்மதம். சுரண்டியும் சந்தேகம் என்றால், வெல்டிங் சாமான் கடையில் சிவப்புச் சாய ஸ்ப்ரே கிடைக்கும். அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை ஸ்ப்ரே அடியுங்கள். விரிசல் இருந்தால் சிவப்பாகக் கசியும்.

தினப்பயணி: சுரண்டினேன். கோடு உலோகத்திலும் ஓடுகிறது, வெல்டிங் ஓரம்வரை. இன்று பஸ்ஸில் வந்தேன்.

பட்டறைமணி: அப்போ அதுல ஏறவே ஏறாதீங்க. வீல், கியரைக் கழட்டி வெச்சுக்கங்க, வேற ஃபிரேம்ல போடலாம்.

நெடுவழி: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மட்டும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். அந்த அடிகளை அதுவும் வாங்கியிருக்கிறது.