எட்னாவும் மொஞ்சிபெல்லோவும் ஒரே எரிமலையா?

போச்சம்பள்ளிக்காரன்: பாப்பா குவிஸ் புக்குல எட்னான்னு ஒரு பக்கம், மொஞ்சிபெல்லோன்னு இன்னொரு பக்கம் போட்ருக்கு, ரெண்டும் ஒன்னா?

மாந்தோப்பு: ஒன்னுதாங்ண்ணா. இத்தாலி சிசிலி தீவுல இருக்கு, 3,300 மீட்டருக்கு மேல, இப்பவும் அடிக்கடி பொகைஞ்சிட்டு தான் இருக்கு. லத்தீன்ல மோன்ஸ்னா மலை, அரபில ஜபல்னாலும் மலை, அரபுக்காரங்க அங்க ஆண்டப்போ ரெண்டும் ஒட்டி மொஞ்சிபெல்லோன்னு ஆயிடுச்சு, ஆக மலைமலை! நாம கிருஷ்ணகிரி மலைன்னு சொல்றோமே, கிரின்னாலே மலைதானே 😄

காரிமங்கலம் தம்பி: அங்க உள்ளூர்க்காரங்க சும்மா 'மலை'ன்னே சொல்வாங்களாம். 1669ல எரிமலைக் கொழம்பு கத்தானியா ஊரு மதில் வரைக்கும் வந்து கடல்ல எறங்குச்சு. இருந்தும் அந்த அடிவாரத்துல திராட்சை, ஆரஞ்சு செம விளைச்சல், சாம்பல் மண்ணுல்ல.

போச்சம்பள்ளிக்காரன்: மலைமலையா, பாப்பா சிரிப்பை நிறுத்தல. தேங்க்ஸ்ங்க