டெஸ்க்டாப்பை மாற்றிய பின் உள்நுழைவுத் திரை வருவதில்லை (உபுண்டு 22.04, எக்ஸ்எஃப்சிஇ)

ஏற்காடு கணக்குப்பிள்ளை:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அங்குள்ள கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது, நினைவகம் 4 ஜிபி மட்டுமே. கூலிப் பட்டியலை லிபர்ஆஃபிஸில் திறந்து வைத்துக்கொண்டு ஃபயர்ஃபாக்ஸையும் திறந்தால், குனோம் டெஸ்க்டாப்பில் மவுஸ் நகரவே திணறும். அதனால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்புக்கு மாறலாம் என்று முடிவு செய்து, அதைக் கொண்டுவரும் ஸுபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பை நிறுவினேன். நிறுவும்போது ஒரு பெட்டி தோன்றி, ஜிடிஎம்3, லைட்டிடிஎம் ஆகிய இரண்டு உள்நுழைவு நிரல்களில் எது வேண்டும் என்று கேட்டது. ஏற்கெனவே இருந்த ஜிடிஎம்3-ஐயே தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்எஃப்சிஇக்குள் நுழைந்து பார்த்தபோது எல்லாம் சட்டெனத் திறந்தன. பிறகு, இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குனோம்-ஷெல்லை நீக்கி, தேவைப்படாத தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையையும் கொடுத்து, கணினியை மறுபடி இயக்கினேன்.

அதிலிருந்து உள்நுழைவுத் திரை வருவதே இல்லை. கறுப்புத் திரையில் உபுண்டுவின் பெயரும் கணினியின் பெயரும், அவற்றின் கீழே லாகின் என்ற சொல்லும் மட்டுமே தெரிகின்றன. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விடுகிறது. ஆனால் கணினியைத் தமிழில் அமைத்திருப்பதால் சில வரிகள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன, என்ன சொல்கிறது என்றே படிக்க முடியவில்லை. இணையத்தில் பார்த்த ஒரு குறிப்பின்படி சூடோ ஸ்டார்ட்எக்ஸ் என்று கொடுத்தபோது எக்ஸ்எஃப்சிஇ வந்தது, ஆனால் என் கோப்புகள் ஒன்றுகூட அதில் இல்லை.

இது பழம் பறிக்கும் பருவம். யார் எந்த நாளில் எத்தனை கிலோ பறித்தார்கள் என்ற பட்டியல் முழுவதும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது; சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். சேலத்தில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். கோப்புகளை இழக்காமல் உள்நுழைவுத் திரையைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா? மலையில் இணைய இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை லினக்ஸ்:

வணக்கம் ஐயா. தயவுசெய்து ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. 22.04-இல் சூடோ ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தால் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் டெஸ்க்டாப்தான் திறக்கும். அதன் வீட்டுக் கோப்புறை வேறு, உங்களுடையது வேறு. அதனால்தான் காலியாகத் தெரிந்தது. அந்தக் கட்டளையை இனிக் கொடுக்க வேண்டாம்.

கடவுச்சொல் கேட்கும் அந்த முதல் திரை டெஸ்க்டாப்பின் பகுதி அன்று; டிஸ்பிளே மேனேஜர் என்ற தனி நிரல் அது. குனோமுக்கு உரியது ஜிடிஎம்3, ஸுபுண்டு கொண்டுவருவது லைட்டிடிஎம். ஜிடிஎம்3 தன் திரையை வரைவதற்கே குனோம்-ஷெல்லைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே குனோம்-ஷெல்லை நீக்கினால் ஜிடிஎம்3-உம் கூடவே போய்விடும். இப்போது உங்களிடம் வீடு முழுதாக இருக்கிறது, வாசற்கதவுதான் இல்லை. லைட்டிடிஎம் வட்டில் இருந்தாலும் அது தானாக முன்வராது. தன் பெயர் ஒரு குறிப்பிட்ட கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அது தொடங்கும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளாகத் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். கறுப்புத் திரை கடவுச்சொல்லைக் கேட்கும்போது, தட்டுவது எதுவும் தெரியாது, புள்ளிகூட விழாது, அது இயல்பானதே. உள்ளே போனதும் முதலில் எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி என்று கொடுங்கள். இதில் எல்சி, ஆல், கடைசியில் வரும் சி ஆகிய மூன்றும் பெரிய எழுத்துகள். லினக்ஸின் எழுத்துத் திரைக்குத் தமிழ் எழுத்துருவைக் காட்டும் வசதி இல்லாததால்தான் கட்டங்கள் வருகின்றன. இதற்குப் பின் வரும் செய்திகள் ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரியும்.

அடுத்து, டிபிகேஜி -எல் லைட்டிடிஎம் என்று கொடுத்து அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வரியின் தொடக்கத்தில் இரண்டு ஐ எழுத்துகள் சேர்ந்து வந்தால் அது நிறுவப்பட்டிருக்கிறது, இணையமே தேவையில்லை. பிறகு கேட் /இடிசி/எக்ஸ்11/டிஃபால்ட்-டிஸ்பிளே-மேனேஜர் என்று கொடுத்து அந்தக் கோப்பைப் படியுங்கள் (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து). அதில் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/லைட்டிடிஎம் என்ற வரி இல்லையென்றால் காரணம் கிடைத்துவிட்டது. சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிடிஎம் என்று கொடுங்கள். எதைத் தேர்வது என்று பெட்டி வந்தால் லைட்டிடிஎம்மைத் தேர்ந்தெடுங்கள். வராமல் முடிந்தாலும் கவலையில்லை, கோப்பை மறுபடி படித்து வரி மாறியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மாறியிருந்தால் சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லைட்டிடிஎம் கொடுத்த உடனே திரை வர வேண்டும்.

வராவிட்டால் சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கிராஃபிக்கல்.டார்கெட் என்று வர வேண்டும், மல்டி-யூசர்.டார்கெட் என்று வந்தால், கெட் என்ற இடத்தில் செட் என்று மாற்றி, இறுதியில் கிராஃபிக்கல்.டார்கெட் என்று சேர்த்து, சூடோவுடன் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஜர்னல்சிடிஎல் -பி -யூ லைட்டிடிஎம் காட்டும் கடைசி வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து இங்கே இடுங்கள். கிரீட்டர் என்ற சொல் அங்கே பிழையாக வந்தால், உள்நுழைவுத் திரையை வரையும் லைட்டிடிஎம்-ஜிடிகே-கிரீட்டர் தொகுப்பு விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் உபுண்டுவின் இயல்பான உள்நுழைவு நிரல் லைட்டிடிஎம் என்றே இருக்கும். 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில்தான் உபுண்டு யூனிட்டி என்ற டெஸ்க்டாப்பை விட்டுக் குனோமுக்குத் திரும்பி, ஜிடிஎம்முக்கு மாறியது. அதற்கு முந்தைய குறிப்புகளை அப்படியே பின்பற்றாதீர்கள்.

சூரமங்கலம் கணினி ஆசிரியை:

மேலே சொன்னதைத் தொடங்கும் முன் கூலிப் பட்டியலை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த வேலையில் கோப்புகளுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் பலருடைய உழைப்பின் கணக்கு அது, ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பென்டிரைவைச் செருகி எல்எஸ்பிஎல்கே என்று கொடுத்தால் எஸ்டிபி1 போன்ற பெயரில் தெரியும். கொள்ளளவைப் பார்த்து அதுதானா என்று உறுதி செய்யுங்கள். சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிபி1 /எம்என்டி என்று இணைத்து, சூடோ சிபி -ஆர் கொண்டு ஆவணக் கோப்புறையை /எம்என்டிக்குப் படியெடுங்கள். எடுத்து முடித்ததும் சூடோ யூமவுன்ட் /எம்என்டி கொடுத்த பிறகே பென்டிரைவைக் கழற்ற வேண்டும்.

தொகுப்பு எதையாவது இறக்க நேர்ந்தால் வைஃபையோடு போராட வேண்டாம். சிக்னல் கிடைக்கும் சன்னல் ஓரமாகக் கைப்பேசியை வைத்து, யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை அதில் இயக்குங்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரல் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இணைப்பு கிடைத்துவிடும். என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று கொடுத்துப் பார்க்கலாம்.

ஏற்காடு கணக்குப்பிள்ளை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் பட்டியலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். எக்ஸ்போர்ட் கட்டளைக்குப் பின் கட்டங்கள் மறைந்து செய்திகளைப் படிக்க முடிந்தது. லைட்டிடிஎம் வட்டில் இருந்தது, ஆனால் நீங்கள் சொன்ன கோப்பில் அதன் பெயர் இல்லை. ரீகான்ஃபிகர் கொடுத்து, பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் கொடுத்தேன். உள்நுழைவுத் திரை வந்துவிட்டது. மறுபடி இயக்கியபோதும் நேராக அந்தத் திரைக்கே வருகிறது. கோப்புகள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரு குறை மட்டும் மீதமிருக்கிறது. குனோமில் தமிழ்99 விசைப்பலகையில் ஆட்களின் பெயர்களை எழுதி வந்தேன். இங்கே ஆங்கிலம் மட்டுமே வருகிறது.

சூரமங்கலம் கணினி ஆசிரியை:

குனோம் தன் விசைப்பலகை அமைப்பைத் தன்னிடமே வைத்திருக்கும். எக்ஸ்எஃப்சிஇ அதைப் படிப்பதில்லை. சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஐபஸ் ஐபஸ்-எம்17என் என்று, பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் இரண்டு தொகுப்புகளையும் நிறுவுங்கள். ஏற்கெனவே இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடும். பிறகு ஐஎம்-கான்ஃபிக் -என் ஐபஸ் கொடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். ஐபஸ்-செட்டப் திறந்து, உள்ளீட்டு முறைகளில் தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளிலேயே வைத்திருங்கள், அப்போதுதான் கறுப்புத் திரையிலும் அதைத் தட்ட முடியும்.