12 மி.மீ. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பாதி கட்டிய தோணி: எப்படிச் செய்வது?

மணியாச்சி லூப்:

வணக்கம். இங்கே ரயில் மாடல் செய்கிறவர்களில் சிலருக்காவது கடற்கரை ஊர் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

சென்னையில் ஃபிளாட். இரண்டாவது பெட்ரூமில் சுவரோரம் எட்டடிக்கு ஒன்றரை அடி பலகை, எனக்குக் கிடைத்த நிலம் அவ்வளவுதான். 1:87 அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜ், நிஜத்தில் ஒரு மீட்டர் இடைவெளிப் பாதை, எனக்கு அது 12 மி.மீ. தண்டவாளம். காலம் 1962 வாக்கில், அதாவது 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால். தூத்துக்குடி மாதிரி ஒரு ஸ்டேஷன், ஆனால் தூத்துக்குடி இல்லை. அந்த ஊர்தான் என்று எழுதிவிட்டால் "அந்த சிக்னல் அங்கே கிடையாதே" என்று நாலு பேர் சண்டைக்கு வருவீர்கள், அதனால் கற்பனைப் பெயர் வைத்திருக்கிறேன். உப்பு மூட்டை ஏற்ற ஒரு சைடிங், ஒரு கூட்ஸ் ஷெட், பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டி ஒட்டிய ஒய்.ஜி. வகை நீராவி எஞ்சின் ஒன்று. எஞ்சினுக்குள் ஓடுவது ஜப்பான் மோட்டார், வெளியே தெரியாது.

தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இதில்தான். மழைக்காலத்தில் அதில் பாதி தண்டவாளத்தைத் துடைப்பதிலேயே போய்விடும். போன வருஷம் பிளைவுட்டில் கரையான் ஏறி, கூட்ஸ் ஷெட்டுக்கு அடியில் அதுவாகவே ஒரு மண்கரை கட்டியிருந்தது. பார்க்க நிஜமாகவே நன்றாக இருந்தது, மனசில்லாமல்தான் மருந்தடித்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பலகையின் முன்பக்கம் 14 அங்குலம் மணல் காலியாக இருக்கிறது. அங்கே கரையில் பாதி கட்டிய தோணி ஒன்று நிற்க வேண்டும். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் ஓடாவி, தோணி கட்டுகிற ஆசாரி. அப்பா அந்தப் பக்கமே போகவில்லை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தாத்தா போய்விட்டார். எனக்கு மிஞ்சியது கைப்பிடி தேய்ந்த ஒரு வாய்ச்சியும் (மரம் செதுக்குகிற கருவி), அவர் வேட்டியில் அடிக்கும் மீன் எண்ணெய் வாடையும்தான். ஆச்சி அந்த வேட்டியை மற்ற துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறப்போடுவாள்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. தாத்தா என்னைத் தோணிக்குள்ளே தூக்கி உட்கார வைத்திருக்கிறார், வளைந்த கட்டைகளுக்கு நடுவே அந்தப் பக்கத்துக் கடல் தெரிகிறது. அது கட்டுகிற தோணியா, உடைக்கப் போட்ட தோணியா, தெரியவில்லை. முதலில் பலகை அடிப்பார்களா, வங்கு என்கிற அந்த வளைந்த கட்டைகளை நிறுத்துவார்களா? என்ன நீளம் வைப்பது? என்ன நிறம்? ரயில் பெட்டியின் போகி ஸ்பிரிங் வரை எனக்கு வரைபடம் கிடைக்கிறது, தாத்தா கட்டியதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

போத்தனூர் டவுன்:

நண்பரே, 14 அங்குலம் இருக்கிறதென்றால் பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைச் செய்யுங்கள், பார்க்கிறவன் வாய் பிளப்பான். தோணியை யாருக்குத் தெரியும்?

அப்புறம் ஒரு டெக்னிக்கல் விஷயம். ஐஸ்கிரீம் குச்சியைப் பலகையாக ஒட்டிவிடாதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு அது. அது 2 மி.மீ. தடிமன், 87-ஆல் பெருக்கினால் ஏழு அங்குலம் வருகிறது. அந்தக் கனத்தில் பலகை அடித்தால் அது தோணி இல்லை, கோட்டைக் கதவு. 0.6 மி.மீ. வெனீர் வாங்குங்கள், இரண்டு அங்குலப் பலகைக்குச் சரியாக வரும்.

உப்பளத்தான்:

அண்ணாச்சி, ஓடாவி என்ற சொல்லைப் பார்த்ததும் நேரே உள்ளே வந்துவிட்டேன். எங்கள் அம்மா வழித் தாத்தாவும் அதே தொழில், அதே கரை. அவர்கள் இரண்டு பேரும் ஒரே தோணியில் எதிரெதிர்ப் பக்கம் நின்று வேலை பார்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எனக்கு ரயில் பற்றி ஒன்றும் தெரியாது, தோணி கொஞ்சம் தெரியும்.

முதலில் ஏரா போடுவார்கள். தோணியின் முதுகெலும்பு அது, மணலில் கட்டை அடுக்கி அதன்மேல் கிடத்துவது. அதிலிருந்து முன்னால் அணியத்துக்கும் பின்னால் அமரத்துக்கும் மரம் எழும்பும். அப்புறம் வங்கு, அதாவது விலா எலும்பு. வங்கு நின்ற பிறகுதான் பலகை. ஆகவே பாதி கட்டிய தோணி என்றால் மேலே வங்குகள் வெறுமனே நிற்கும், கீழே பலகை ஏறி வந்துகொண்டிருக்கும். வங்குக்கு நாட்டுக் கருவேல். நேர் மரத்தை வளைப்பதில்லை, வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் பிடிப்பது. எங்கள் தாத்தா கல்யாணத்துக்குப் போனாலும் பஸ் ஜன்னல் வழியாகக் கருவேல மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். "அந்தா நிக்கி பாரு, ரெண்டு வங்கு" என்பார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

காகிதம் இல்லை என்கிறீர்கள், அவர்களுக்கும் இருந்ததில்லை. முழமும் சாணும் கண்ணும்தான் கணக்கு. நடு வங்கை முதலில் நிறுத்திவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும்.

உங்கள் மாடலுக்கு ஒரு யோசனை. கொஞ்சம் பச்சையாக இருக்கும் தென்னை ஈர்க்கை ஊறவைத்து, சால்டரிங் அயர்ன் தண்டில் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒன்றரை மி.மீ. ஈர்க்கு உங்கள் கணக்கில் ஐந்து அங்குல வங்கு. கடையில் இதற்கென்று விற்கிற குச்சியைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் ஈர்க்கு எல்லா இடத்திலும் ஒரே பருமனாக இருக்காது, வங்கும் அப்படித்தான்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியை எண்ணெயில் தோய்த்து உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடித்து இறுக்குவார்கள், அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சு. கலப்பத்து என்போம். 1:87-ல் அதெல்லாம் தெரியாது, கூரான பென்சிலால் ஒரு கோடு போதும். தண்ணீருக்குக் கீழே போகும் பகுதிக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்த வெளிர்ப்பூச்சு. மேலே எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த மரம். உங்கள் ஆச்சி வேட்டியைத் தனியாக ஊறவைத்ததற்குக் காரணம் அந்த எண்ணெய்தான். எங்கள் வீட்டில் தாத்தாவின் தலையணைக்கும் தனி இடம்.

ஆட்கள் வைக்கிறீர்களென்றால் அறுப்புக்காரர் இரண்டு பேரை மறக்க வேண்டாம். உயர்த்திக் கட்டிய மரத்தின்மேல் ஒருவர், கீழே ஒருவர், நடுவில் இழுவாள். கீழே நிற்கிறவர் தலையில் கட்டாயம் துண்டு இருக்கும், மரத்தூள் முழுக்க அவர்மேல்தானே கொட்டும்.

நீளம் பற்றி. பெரிய தோணி நூறடி வரை போகும், அது உங்கள் கணக்கில் 35 செ.மீ., மணல் மொத்தத்தையும் அடைத்துவிடும். அறுபத்தைந்தடித் தோணி வையுங்கள், 23 செ.மீ. வரும். மரம் அடுக்கவும் அறுக்கவும் இடம் இருக்கும்.

கட்டுகிறதா உடைக்கிறதா என்பதற்கு ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டைகளில் ஆணி ஓட்டையைச் சுற்றித் துருக்கறை இருந்ததா? இருந்தால் பழசு.

போத்தனூர்க்காரருக்கு: தோணியை யாருக்குத் தெரியும் என்றீர்கள். தூத்துக்குடியில் கடல் ஆழமில்லை. அந்தக் காலத்தில் ஸ்டீமரெல்லாம் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். ரயிலில் வந்த சரக்கு கப்பலுக்குப் போனதும், கப்பலில் வந்தது ரயிலுக்கு வந்ததும் தோணியிலும் வத்தையிலும்தான். ரயில் அங்கே வந்தது 1876-ல். தோணி இல்லாவிட்டால் அந்த ரயில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கும்.

போத்தனூர் டவுன்:

ஒத்துக்கொள்கிறேன், பேசாமல் இருந்திருக்கலாம். ஈர்க்கு யோசனையை நான் தந்திக் கம்பத்துக்குத் திருடிக்கொள்கிறேன்.

பேஸ்மென்ட் யாழ்தேவி:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆறு மாதம் குளிர், வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட், ரயில் மாடல் செய்யாமல் வேறு என்ன செய்வது. நான் செய்வது எங்கட வடபகுதிப் பாதை, காங்கேசன்துறை முனை. எஞ்சின் எம் 2, கொழும்புத் திட்டத்தில் கனடா குடுத்தது. அந்த வகுப்பில் பலதுக்குக் கனடா மாகாணங்களின் பெயர், 569-ஆம் இலக்கத்துக்கு ஒன்டாரியோ. நான் குடியிருக்கும் மாகாணத்தின் பெயரோடு அது இலங்கையில் ஓடினது என்று இங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்குச் சொன்னால் நம்பவே இல்லை, படம் காட்ட வேண்டி வந்தது.

இலங்கையிலும் அகலப்பாதைதான், 1676 மி.மீ. 1:87-ல் அது பத்தொன்பது மி.மீ.க்கு மேலே வரும். கடையில் கிடைப்பது 16.5. நான் பேசாமல் 16.5-ஐப் போட்டுவிட்டு, கேட்கிறவர்களிடம் பேச்சை மாற்றிவிடுவேன். 12 மி.மீ. மீட்டர் கேஜ்காரர் நீங்கள் குடுத்து வைத்தவர், வித்தியாசம் அரை மி.மீ.தான்.

கப்பல் கதைக்கு வருகிறேன். அம்மம்மாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கேயும் கடற்கரையில்தான் கப்பல் கட்டினார்கள், கூரை கிடையாது, தொழிற்சாலை கிடையாது. 1930-ல் அங்கே கட்டின அன்னபூரணியைப் பிறகு ஒரு அமெரிக்கர் வாங்கி, பெயரை மாற்றி, எங்கட ஊர் மாலுமிகளையே வைத்து ஓட்டிக்கொண்டு போனார். 1938-ல் அது மாசசூசெட்ஸ் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மம்மா பிறந்தது அதற்குப் பிறகு, ஆனால் தானே கரையில் நின்று கையசைத்து அனுப்பினவ மாதிரித்தான் கதைப்பா. நாங்கள் ஒருவரும் திருத்தினதில்லை.

மணியாச்சி அண்ணைக்கு ஒன்று சொல்ல வேணும். தோணியை ரயிலுக்குச் சமாந்தரமாக வைக்க வேண்டாம். நான் முதலில் ஒரு வள்ளத்தை அப்படி வைத்தேன், அதுவும் தண்டவாளத்தில் ஓடப்போகிற மாதிரி இருந்தது. அணியம் கடலைப் பார்க்கட்டும், கொஞ்சம் சாய்த்து வையுங்கோ.

மணியாச்சி லூப்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், ஆனால் சும்மா இருக்கவில்லை.

உப்பளத்தான் அண்ணாச்சி, துருக்கறை எனக்கு ஞாபகம் இல்லை, அதனால் அம்மாவிடம் போனில் கேட்டேன். அப்பா வழித் தாத்தா என்றாலும் அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும், அப்பாவிடம் கேட்டால் பொன்மலைக் கதைக்குப் போய்விடுவார். அம்மா யோசிக்கவே இல்லை. "அது புதுசும் இல்ல, உடைக்கப் போட்டதும் இல்ல, மராமத்துக்கு ஏத்துன தோணி. தாத்தா கட்டுனதுதான். இருவது வருஷம் கழிச்சு அதே கரைக்கு வந்துச்சு. கெட்ட பலகைய எல்லாம் கழட்டிட்டு நின்னப்பதான் ஒன்னத் தூக்கிட்டுப் போயி உள்ள உக்கார வச்சாக." வங்கு ஒன்றுகூட மாற்ற வேண்டி வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அந்த வாரம் முழுக்க ஆச்சிக்கு அதே பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டதாம்.

ஆகவே திட்டம் மாறிவிட்டது. கால ஒழுங்கு கொஞ்சம் உதைக்கிறது, நான் உட்கார்ந்தது எழுபதுகளின் கடைசியில், என் ரயில் ஓடுவது 1962-ல். இருக்கட்டும், ஸ்டேஷனே கற்பனை. மேல் பாதிப் பலகை எண்ணெய் ஏறிக் கறுத்தது, நடுவில் ஏழெட்டு வரிசை கழற்றி வங்கு தெரிகிறது, கீழே மூன்று வரிசை புதுப் பலகை, வெளிர் நிறம். அணியம் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, யாழ்தேவி சொன்னபடி.

ஈர்க்கு முதல் நாள் பதினாறு உடைந்தது. இரண்டாம் நாள் ஊறவைக்கிற தண்ணீரைச் சூடாக்கினேன், அப்புறம் நாலுதான் உடைந்தது. இதுவரை 22 வங்கு நிற்கிறது. நடு வங்கை முதலில் நிறுத்தி இரண்டு பக்கமும் குறைத்துக்கொண்டே போனேன். இடது பக்கம் அமரத்துக்கு அருகில் ஒரு வங்கு அரை மி.மீ. வெளியே தள்ளுகிறது, பலகை அதன்மேல் உட்காராமல் தூக்குகிறது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "உங்க தாத்தா மரத்துல செஞ்சார், மாமா இரும்புல செஞ்சார், நீங்க தொடப்பத்துல செய்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுத் துடைப்பத்தில் உருவினேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வி: அந்த வங்கைக் கழற்றவா, இழைக்கவா?

உப்பளத்தான்:

இழைங்க அண்ணாச்சி. கழற்றினால் பக்கத்து இரண்டும் ஆடிப்போகும். வாய்ச்சி கையில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், நகம் வெட்டி அரம் போதும்.