அடினியம் அடி பருக்கவில்லை, பக்கத்தில் பாட்டில் பாம் மட்டும் உப்புகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
மொட்டை மாடியில் 2 வருஷமாக அடினியம் (பாலைவன ரோஜா) இருக்கிறது. 10 அங்குலத் தொட்டி, பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். தினமும் ஒரு செம்பு தண்ணீர். இரண்டடி வளர்ந்து பூக்கிறது, ஆனால் அடி கட்டைவிரல் பருமனைத் தாண்டவில்லை. அதே கலவையில் வைத்த பாட்டில் பாம் (அடி பாட்டில் போல உப்பும் அலங்காரப் பனை) நன்றாக உப்பிவிட்டது. நுனியைக் கிள்ளினால் அடி பருக்குமா?

பதில் 1:
இப்போதைக்குக் கிள்ளாதீங்க சார். இலை தயாரிக்கும் சர்க்கரையில்தான் தண்டு பருக்கிறது. கிள்ளக் கிள்ள கிளை கூடும், அடிக்குப் போகும் வரவு குறையும். வேண்டிய பருமன் வந்த பிறகு கவாத்து செய்யலாம்.

மேல்மண்ணை இரண்டு அங்குலம் விரலால் விலக்கிப் பாருங்க. கேரட் போலத் தடித்த வேர் இருந்தால் விதைச் செடி. தண்டு ஒரே பருமனில் இறங்கி, முனையில் மெல்லிய வேர் கொத்தாக இருந்தால் குச்சி நட்டது. அடினியத்தில் உப்புவது விதையிலைக்குக் கீழே உள்ள பகுதியும் வேரும்தான். குச்சிக்கு அந்தப் பகுதியே கிடையாது.

எதுவானாலும் கலவையை மாற்றுங்க. கோகோபீட் ஈரத்தை விடாது, அடி அழுகும். கடலை அளவு செங்கல் துண்டு 2 பங்கு, பொடி சலித்த ஆற்று மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. அறுபட்ட வேர் காய, மாற்றியபின் 5 நாள் தண்ணீர் வேண்டாம். அப்புறம் மண் முழுக்கக் காய்ந்தபின் அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்க. குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும்.

கேட்டவர்:
பார்த்தேன், கொத்து வேர்தான். அப்படியானால் பாம் மட்டும் எப்படிப் பருத்தது?

பதில் 2:
இரண்டும் பருக்கும் வழியே வேறு. அடினியம் ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி. அதன் கேம்பியம் (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல் உண்டாக்கும் மெல்லிய அடுக்கு) வருஷாவருஷம் உருவாக்கும் கட்டையில் நீர் சேமிக்கும் மென்மையான பாரங்கைமா செல்கள்தான் அதிகம். மழையில் நிரப்பி, கோடையில் செலவழிக்கும். அதனால் எந்த வயதிலும் பருக்க வழி உண்டு.

பாட்டில் பாம் மொரிஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவுச் செடி. பனைக் குடும்பத்துக்குக் கேம்பியம் கிடையாது. தண்டின் அகலம் பெரும்பாலும் நுனிக்குருத்திலேயே முடிவாகிவிடும். தென்னையைப் பாருங்க: ஏற வெட்டிய படி எத்தனை வருஷமானாலும் மூடாது, வேம்பில் அதே வெட்டு ஓரத்திலிருந்து மூடிவரும். உரமில்லாத காலத்தில் தென்னை ஒல்லியாக வளர்ந்த இடம், பிறகு எவ்வளவு போட்டாலும் ஒல்லிதான். ஆகவே பாமைப் பட்டினி போடாதீங்க.

குச்சி அடினியம் மெல்லப் பருக்கும், உருண்டை அடி மட்டும் வராது. பூ நிறம் பிடித்திருந்தால் பென்சில் பருமன் விதைக்கன்றில் ஒட்டுங்க. சுத்தமான பிளேடால் வெட்டி, வடியும் பாலைத் துடைத்து, வி வடிவில் பொருத்தி ஒட்டு நாடா சுற்றி, பிளாஸ்டிக் உறை மாட்டி 3 வாரம் நிழலில் வையுங்க. பட்டையோரமாவது ஒரு பக்கம் சரியாகப் பொருந்தணும், இல்லாவிட்டால் கேம்பியம் சேராமல் ஒட்டு கருகும். பால் விஷம், கையுறை போடுங்க, கண்ணில் படக் கூடாது.

தளிர் வந்தபின் ஆண்டுக்கொருமுறை தொட்டி மாற்றும்போது ஒரு அங்குலம் உயர்த்தி நடுங்க. புதிதாக வெளியே வந்த வேர்ப்பட்டை வெந்துவிடும், முதல் 2 வாரம் உச்சி வெயில் படாமல் பாருங்க.